மேப்பு காட்டிய இடம்

"அக்கா, மேப்பு போட்டுக்கினுதான் வந்தோம். இங்க சுடுகாடு இருக்குது, உங்க கடையக் காணோமே!"

காலையிலிருந்து இது ஒன்பதாவது அழைப்பு. நிர்மலா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஜிலேபி மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள்.

"எத்தினி பேருப்பா நிக்கிறீங்க?"

"நாங்க நாலு பேரு. எங்களுக்கு முன்னாடியே இருபது பைக்கு நிக்குதுக்கா. கள்ளக்குறிச்சியிலேருந்து ஒரு வேனு வேற. புளியமரத்து நெழல்ல எல்லாரும் உங்க வீடியோவத்தான் பாத்துக்கினு இருக்கோம்."

"அங்கயே இருங்க. எங்கயும் போவாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைக்குப் போகும் சாலையில் மீன் வறுத்து விற்கிறவள் நிர்மலா. ஒரு வருடத்துக்கு முன்புவரை அடுத்த தெருவுக்குக்கூட அவளைத் தெரியாது. கணவன் பகலவன் போனைப் பிடிக்க, கரண்டியை ஆட்டிக்கொண்டு, "இன்னா பாத்துக்கினு இருக்கீங்க? வந்து துன்னுட்டுப் போங்க!" என்று அவள் பேசிய வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. இன்று அவளுடைய பேஜுக்கு முப்பதாயிரம் பேர். ஞாயிற்றுக்கிழமையானால் உளுந்தூர்பேட்டையிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது.

நேற்று யாரோ மேப்பில் அவள் கடையின் குறியைப் பிடுங்கி, ஒரு கிலோமீட்டர் தள்ளி சுடுகாட்டு முனையில் நட்டுவிட்டார்கள். யாரோ என்ன யாரோ! எதிரே கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டல் நடத்தும் ராஜாங்கத்தின் மகன் அஜித்தான். ஊர்க் கடைகளுக்கெல்லாம் போனில் விளம்பரம் செய்துகொடுப்பது அவன் தொழில். "துன்னு, கின்னுன்னு பேசாதீங்க, டீசன்ட்டா பேசுங்க. உங்க பேஜ நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு முறை வந்து கேட்டான். இரண்டு முறையும் நிர்மலா துரத்திவிட்டாள். அந்தக் கடுப்பு அவனுக்கு.

குறியைத் திருத்தச் சொல்லி அவள் புகார் அனுப்பினாள். மூன்று நாளாகும் என்று பதில் வந்தது. மசாலா தடவிய மீன் மூன்று நாள் தாங்குமா? இருபது கிலோ மீன் இன்று போகாவிட்டால், அடுத்த வாரம் மீன் எடுக்க அவளுக்கு வழியில்லை.

"போன் பண்றவன் பரவால்ல" என்றான் பகலவன். "பண்ணாதவன் திரும்பிப் போயி, கடையே இல்ல, ஏமாத்துன்னு எழுதிக்கினு இருக்கான். ராஜாங்கம் அண்ணங்கிட்ட ஒரு வார்த்த பேசிப் பாக்கலாமா?"

"நாம ஏன் பேசணும்? அவரே வருவாரு பாருங்க."

சொல்லி வாய் மூடவில்லை, ராஜாங்கம் சாலையைக் கடந்து வந்துவிட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் முகத்தில்.

"இன்னாம்மா நிர்மலா, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா ஈ ஓட்டிக்கினு இருக்க? உன்னத் தேடி வந்தவங்க சுடுகாட்டப் பாத்துட்டு, வூட்டுக்குப் போயி தல முழுவறாங்களாமே!"

"இன்னா வோணும்ண்ணா? அதச் சொல்லுங்க."

"எனக்கு இன்னா வோணும்? நீ நல்லா இருக்கணும். எம் பையனாண்ட சொன்னா ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடுவான். அந்தப் பேஜ மட்டும் எங்க ஓட்டல் பேருக்கு மாத்திக் குடுத்துடு. நீயும் எங்க சமையல்கட்டுக்கே வந்து மீன் வறு. இப்பிடி வெயில்ல வேவத் தேவயில்ல. ஃபேன் இருக்குது."

"அதுல இருக்கறது என் மூஞ்சி, என் பேச்சு. அதுக்கு உங்க ஓட்டல் பேரா? நடக்காதுண்ணா."

"அப்பறம் உன் இஷ்டம். கூட்டம் அங்க, நீ இங்க. இன்னா பண்ணுவ?"

நிர்மலா எதிரே இருந்த ஓட்டலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மாடி. அஸ்திவாரம் போடவே ஆறு மாதம் தோண்டினார்கள். பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"இன்னாங்க, எண்ணெய மூடுங்க. மீனெல்லாம் டப்பாவுல போட்டுக் கட்டுங்க."

"நிர்மலா... யோசிச்சுதான் சொல்றியா?"

"கட்டுங்கன்றேன் இல்ல?"

ராஜாங்கத்துக்கு முகமெல்லாம் பல். "இத மொதல்லயே செஞ்சிருந்தா இவ்ளோ ரோதன உண்டா? இரு, பையனக் கூப்புடறேன்" என்று போனை எடுத்தார்.

"கூப்புடுங்கண்ணா. மேப்ப மாத்தவே வோணாம், அப்பிடியே இருக்கட்டும்னு சொல்லிடுங்க."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்த நிர்மலா, முட்டுக்கொடுத்திருந்த கருங்கற்களை ஒவ்வொன்றாக உருவி ஓரத்தில் எறிந்தாள். புருஷனும் பெண்டாட்டியுமாகத் தள்ள, நான்கு சக்கரங்களும் கிறீச்சிட, தள்ளுவண்டிக் கடை சுடுகாட்டு முனையைப் பார்த்து உருண்டது.

"இன்னாண்ணா பாத்துக்கினு இருக்கீங்க? அங்க வந்து துன்னுட்டுப் போங்க!"