மாறாத சுவிட்ச்

மாலை நாலு இருபதுக்குக் கரண்டு போனது.

"வரிசையில கடைசி யாரு?" கடைவாசலில் வந்து நின்ற இதால்மிஸ் கேட்டாள்.

"நான்தான்," என்றார், மடியில் சார்ஜ் விசிறியோடு உட்கார்ந்திருந்த கிழவர். "மூணு வாரமா நான்தான்."

ஒல்கீன் நகரில் மற்ற ரிப்பேர் கடைகள் மூடிவிட்டன. ஸ்கூட்டர் பேட்டரியை வைத்து வேலை பார்ப்பவன் நிவால்தோ ஒருவன்தான். இல்லையென்றால் அவள் இங்கே வந்திருக்க மாட்டாள்.

"இன்னிக்கு ஒரு ஃபோன் வரணும்," என்று கிழவரைத் தாண்டிப் போய்த் தன் ஃபோனை மேஜையில் வைத்தாள். "அவசரம்."

பிழைப்புத் தேடிக் கிளம்பிய மகள் லெய்டிஸ் கயானாவில் விமானம் இறங்கி, பஸ்ஸும் நடையுமாகப் பன்னிரண்டு நாள் ஆகிறது. மோன்டெவிடியோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் இன்று ஆறு மணிக்கு யாரிடமாவது ஃபோன் இரவல் வாங்கிக் கூப்பிடுவாள். கூப்பிடாவிட்டால், சேரவில்லை.

நிவால்தோ நிமிரவில்லை. "என்ன செய்யுது?"

"சார்ஜர்ல இருந்தா பேசுது. பிடுங்கினா செத்துடுது. புது பேட்டரி போட்டுக் குடுங்க."

அவன் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தான். "பேட்டரி முழுசா இருக்கு, சென்யோரா. உள்ள ஒரு சுவிட்ச் இருக்கு. சார்ஜர் இருந்தா அங்கேர்ந்து ஃபோனுக்குக் கரண்டு குடுக்கும். சார்ஜர் போயிட்டா பேட்டரிக்கு மாத்திவிடும். இது மாற மாட்டேங்குது. போனது இன்னும் இருக்குன்னே உக்காந்திருக்கு."

"முட்டாள் சுவிட்ச்."

"இருக்கட்டும்."

"எனக்கு ஒருநாளும் இவ்வளவு விளக்கினதில்ல," என்றார் கிழவர்.

"அதை மாத்துங்க," என்றாள்.

"இந்தச் சிப் ஊர்ல கிடைக்காது. பனாமாலேர்ந்து யாராவது கொண்டுவரணும்."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நிவால்தோ கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு மேஜையோரம் கிடந்த வேறொரு ஃபோனை இழுத்து அதன் முதுகைக் கழற்றினான். அதே மாடல்.

"அது யாரோடது? கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாரு. ஆறுக்குள்ள முடிஞ்சிடும். உக்காருங்க."

சால்டரிங் அயர்ன் சூடானது. அரிசிமணியில் பாதிகூட இல்லாத சிப்பை ஒன்றிலிருந்து பெயர்த்து மற்றதில் வைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கிழவர் கேட்காமலே டார்ச் பிடித்தார்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்குத் திரை விழித்தது. சார்ஜர் இல்லாமலே.

ஆறு ஆயிற்று. ஆறு மூன்று.

ஃபோன் அடித்தது. தெரியாத எண். அவள் அவசரமாய் எடுத்ததில் ஸ்பீக்கரும் சேர்ந்து அமுங்கியது. நிவால்தோ, திறந்து கிடந்த மற்ற ஃபோனைக் கையால் மூடினான்.

"அம்மா, சேர்ந்துட்டேன். நல்லா இருக்கேன். முதல்ல அப்பாவுக்குத்தான் அடிச்சேன், சொன்னபடி ஆறு மணிக்கு. அவர் ஃபோன் செத்துக் கிடக்கு. அவரோட கடைக்குப் போய் நீயே சொல்லிடும்மா. இன்னிக்கு ஒரு நாளாவது அவர்கூடப் பேசுவியா?"