சுவர் கேட்ட பேச்சு

இஸ்ரேலியக் கல்லூரிகளில் வேலை பார்ப்பவர் எவர் குரலும் இந்த அரங்கில் ஒலிக்கக் கூடாதென்று தீர்மானம் கொண்டுவந்தவரே பேராசிரியர் இளவேனில்தான். பாலஸ்தீனத்துக்காக முதலில் கைதூக்கியவரும் அவர்தான். அன்றிலிருந்து அப்படிப்பட்ட குரல் எழுந்தால் அரங்கின் சுவர்களே அதை விழுங்கிவிடும்.

இன்று அவர் பேச அழைத்திருந்தது சமீரா என்ற பாலஸ்தீனப் பேராசிரியையை. எங்கே பாடம் நடத்துகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. காசாவில் இறந்த அக்காவைப் பற்றித் திரையில் அவர் பேசத் தொடங்கியதும் ஒலி நின்றது.

“ஏனுங் மேடம், அவங்க நம்ம பக்கந்தானுங்களே?” என்றார் நூலகர்.

“வேலை இஸ்ரேல்ல, ஹைஃபா காலேஜுலயாமுங்க,” என்று திரையில் பெயருக்குக் கீழிருந்ததைப் படித்து இளவேனில் முனகினார்.

பேச்சை நிறுத்திய சமீரா, கேட்கிறதா என்று காதில் கைவைத்துக் காட்டினார். அரங்கமே இளவேனிலைப் பார்த்தது. அவர் நிமிராமலே ஆமென்று தலையாட்டினார். சமீரா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே சொல்லலானார்.