பீடத்துக்கு முதுகு காட்டியவள்

விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது சபையே எழுந்து பீடத்தைப் பார்த்து நிற்கும். நாகஜோதி மட்டும் பீடத்துக்கு முதுகைக் காட்டி நிற்பாள்.

மூன்று வாரமாய் இதே புகார். சபைச் செயலாளர் சகாயராஜ் முன்வரிசையில் கண்ணை மூடி நிற்பவர், அவர் எங்கே பார்த்தார்? கேள்விப்பட்டதிலிருந்து மண்டையைக் குடைந்தது. அடுத்த ஞாயிறு பேராயர் வருகிறார். திடப்படுத்தல் பெற்று முதல்முதலாகத் திருவிருந்து எடுக்கப்போகிறவர்கள் பட்டியலில் இவள் பெயரும் இருந்தது.

ஆராதனை முடிந்ததும் பட்டியலும் பேனாவுமாக அவளை வாசலில் நிறுத்தினார்.

“ஏன் கண்ணு, பிரமாணம் சொல்றப்ப திரும்பி நிக்கறியாமா?”

“ஆமா அண்ணாச்சி.” விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனிக்குத் தைக்க வந்தவள். மழுப்பத் தெரியவில்லை.

“விசுவாசம் இல்லியா?”

“இருக்கு. அதான் திரும்புறேன்.”

இது என்னடா வம்பு என்றிருந்தது அவருக்கு. “வெவரமாச் சொல்லு. இல்லீன்னா பேரை அடிக்க வேண்டியதுதான்.”

“ரெண்டு வருசமாக் காத்திருக்கேன் அண்ணாச்சி. ஆனா அடிச்சாலும் திரும்பத்தான் செய்வேன். கடைசி வரிசையில ஒரு அம்மா இருக்காங்க. காது சுத்தமாக் கேக்காது. பிரமாணம் மனப்பாடம்தான். சபை எந்த வரியில இருக்குன்னு தெரியாம, முந்தியும் பிந்தியும் சொல்லப்போயி, பக்கத்துல சிரிச்சுட்டாங்க. அதோட வாயை மூடிட்டாங்க. இப்ப என் உதட்டைப் பாத்து எல்லாரோடயும் சேந்து சொல்றாங்க.”

சகாயராஜுக்கு மனசு இளகிவிட்டது. கூடவே கோபமும் வந்தது.

“ஊட்டுல யாருமே இல்லீங்களாமா அவியளுக்கு?”

“ஒரே மகன். அவருக்குக் காது போனதே தெரியாது. வாயசைவைப் பாத்தே பேசிச் சமாளிச்சுடுறாங்க. தறிச் சத்தத்துல போன காது. தெரிஞ்சா, ‘என்னைப் படிக்க வைக்கத்தானே இப்படி ஆச்சு’ன்னு மகன் உடைஞ்சு போயிருவான், சொல்லாதேன்னாங்க.”

“பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க? கூடவே இருந்துட்டுத் தெரியலீன்னா என்ன மகன்? யாரு கண்ணு அந்த மகராசன்?”

நாகஜோதி, கோயிலுக்குள்ளிருந்து மெல்ல நடந்து வந்த அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, உதட்டை நிதானமாக அசைத்துச் சொன்னாள்:

“உங்க மகன் இங்கதான் நிக்கிறாரும்மா.”