பழைய கணினியில் பதினோரு பெயர்கள்

தச்சநல்லூர் வீட்டின் முன்னறையில், தொண்ணூற்றொன்பதாம் வருடத்து மே மாத மாலை வெயில், மூடி கழற்றிய பழைய கணினியின் மேல் சாய்வாக விழுகிறது. முத்துராணி தன் தட்டச்சு வேலைக்காக வாங்கிய இரண்டு புதுக் கணினிகள் பக்கத்து மேசையில் இருக்கின்றன. இணையத்துக்கு வீட்டில் ஒரே தொலைபேசி இணைப்புதான். அதை இரண்டுக்கும் பகிர்ந்து கொடுக்கவும், அதன் வழியே வெளியாட்கள் கணினிக்குள் நுழையாமல் காவல் இருக்கவும் இந்தப் பழையதே போதும் என்கிறான் அவள் தம்பி கண்ணன். அதற்கு லினக்ஸ் என்ற இயங்குதளத்தை இதில் ஏற்ற வேண்டும். ஹார்டு டிஸ்க் சின்னது; அதில் இருப்பதையெல்லாம் அழித்தாக வேண்டும்.

அந்தப் பழைய கணினி அவள் கணவன் இசக்கியப்பனுடையது. நாங்குநேரிப் பக்கம் பேருந்து கவிழ்ந்து அவன் போய் ஏழு மாதமாகிறது. அவள் வயிற்றில் இருந்ததும் அதே வாரம் தங்கவில்லை. திரையில் ஒரு கோப்பு திறந்திருக்கிறது. பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று அவன் தட்டி வைத்த பதினோரு பெயர்கள்.

"பிளாப்பியில எடுத்து வைக்கட்டுமாக்கா?"

"வேண்டாம்லே. எனக்குப் பேரெல்லாம் மனப்பாடம். நீ அழி."

கண்ணன் விசையைத் தட்டுகிறான். டிஸ்க் கரகரக்கிறது, அதன் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. முத்துராணி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறாள். உதடுகள் மட்டும் அசைகின்றன. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும், கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல, கொஞ்சம் நிறுத்துகிறாள். விளக்கு அணைகிறது.

"முடிஞ்சிட்டுக்கா," என்கிறான் கண்ணன், பைய.

"இருலே," என்கிறாள் அவள் கண்ணைத் திறக்காமல். "இன்னும் ரெண்டு பேரு இருக்கு."