கண்ணயர்ந்த வக்கீல்

"அவரை எழுப்புங்க, பாவம்!" என்றாள் என் மனைவி.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கிசுகிசுத்தேன்.

எங்கள் தலையணைக் கடையின் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர், எங்கள் கடைப் பெயரையே பிடுங்க வந்த வக்கீல்!

அது எங்கள் குடும்பப் பெயர். அப்பா காலத்திலிருந்து போர்டில் இருக்கிறது. நேற்று முளைத்த ஒரு பெரிய மெத்தைக் கம்பெனி முதலாளிக்கும் அதே குடும்பப் பெயர். அதனால் நாங்கள் திருடர்களாம்! பெயரைப் பதிவு செய்ய மனுப் போட்டிருந்தோம். கம்பெனி ஆட்சேபம் தெரிவிக்க இன்றுதான் கடைசி நாள்.

"நீங்களே பேரை மாத்திக்கிறேன்னு எழுதிக் கொடுத்துடுங்க. இல்லேன்னா நேரா பதிவு ஆபீசுக்குத்தான் போவேன்" என்று மிரட்டிக்கொண்டேதான் உள்ளே வந்தார்.

இவள் கண்ணுக்கு வேறென்னவோ பட்டது.

"கழுத்தைத் திருப்பவே முடியலையா சார்? இதுல ஒரு நிமிஷம் தலை வெச்சுப் பாருங்க."

எங்கள் கடையில் படுத்துப் பார்க்காமல் யாரும் தலையணை வாங்க முடியாது. கண் அசந்துவிட்டால் எழுப்பவும் மாட்டோம்.

மதிய வெயிலில் பஞ்சுத் துகள்கள் மெல்ல மிதந்தன. ஃபேன் ஏதோ முனகியது. "கம்பெனி சார்பா..." என்று ஆரம்பித்த மனுஷர் பாதியிலேயே தூங்கிப் போய்விட்டார். எனக்கே கொட்டாவி வந்தது. தெருவும் சேர்ந்து தூங்குகிற மாதிரி இருந்தது.

"ஆபீஸ் மூடுற நேரமாச்சுங்க."

"மூடட்டுமே! தூங்குறவங்களை எழுப்பக்கூடாதுங்கிறது நம்ம கடை வழக்கம்தானே?"

"படுக்க வெச்சது நான். அவருக்கு வேலை போயிட்டா? அவருக்கும் குடும்பம் இருக்காதா?"

"நம்ம பேரு போயிடும்டி!"

"இப்படி ஏமாத்திக் காப்பாத்தின பேரை எந்த மூஞ்சியோட போர்டுல பார்ப்பீங்க?"

நியாயம் பார்க்க இவளுக்கு நேரம் காலமே கிடையாது. தடுப்பதற்குள் போய் அவர் தோளைத் தொட்டுவிட்டாள்.

"சார், எழுந்திருங்க. ஆபீஸ் மூடப் போறாங்க."

குறட்டை சட்டென்று நின்றது.

கண்ணைத் திறக்காமலே, தலையணையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டு சொன்னார்:

"மூடினதும் எழுப்புங்கம்மா."