கவிழ்த்து ஒட்டிய ஸ்டாம்பு

"பெரியவரே, மறுபடியும் தலைகீழா ஒட்டியிருக்கீங்க" என்றார் கோந்து.

தபால் ஆபீசில் அவருக்கு அதுதான் பெயர். ஒரு ஸ்டாம்பு கோணலாக இருந்தாலும் பொறுக்க மாட்டார். ஈரப் பஞ்சு வைத்து உரித்து, கோந்து தடவி, நேராக ஒட்டிவிட்டுத்தான் முத்திரை குத்துவார்.

கிழவர் உறையைக் கவுண்ட்டர் கம்பிக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளினார். பத்து வாரமாக வருகிறார். மகனை மீட்டுத் தரச் சொல்லி மனு என்று முதல் நாள் சொன்னதோடு சரி. நாட்டின் பழம்பாறைகள் என்று பன்னிரண்டு ஸ்டாம்பு வெளியிட்டிருந்தார்கள். மற்ற பதினொன்றை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மலைச்சரிவில் தனியாக நிற்கும் அந்த ஒற்றைப் பாறைதான் வேண்டும்.

விலாசத்தைப் பார்த்தால் கோந்துவுக்குச் சிரிப்பு வரும். பிள்ளை ஓடிப்போனால் போலீசுக்குப் போக வேண்டும். கல்லையும் மண்ணையும் ஆராய்கிற இலாகாவுக்கு எவனாவது எழுதுவானா? கிழத்துக்கு மறை கழன்றுவிட்டது என்று முடிவு கட்டியிருந்தார்.

இன்றுதான் கிழவர் மறுபடி வாய் திறந்தார். வெள்ளிக்கிழமைக்குள் மனு போய்ச் சேராவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்களாம்.

"அப்போ ஒழுங்கா ஒட்ட வேண்டாமா? நாட்டுக்கே பெருமைன்னு அச்சடிச்சிருக்காங்க. அதைக் கவுத்து ஒட்டினா எந்த அதிகாரி மதிச்சுப் படிப்பான்?"

கோந்து பஞ்சை நனைத்து ஸ்டாம்பை உரிக்க ஆரம்பித்தார். "வாராவாரம் நான்தான் நேராக்கி அனுப்புறேன். இல்லேன்னா எப்பவோ குப்பைக்குப் போயிருக்கும்."

கிழவர் கம்பிக்குள் கையை விட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தார். காய்த்துப்போன கை.

"வாராவாரமா?"

"பத்து தடவையும்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கிழவர் பிடியை விடவில்லை. பாதி உரிந்த ஸ்டாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மழையில இந்தப் பாறை சறுக்கி வந்து எங்க கொட்டகை மேல உட்கார்ந்துடுச்சு தம்பி. உள்ள என் பையன் தூங்கிட்டிருந்தான். பழம்பாறையாம், உடைக்கக் கூடாதாம், நகர்த்தவும் கூடாதாம்."

கோந்துவின் கையிலிருந்து பஞ்சு விழுந்தது.

"கடுதாசியிலயாவது கல்லு கீழ இருக்கட்டும், அவன் மேல இருக்கட்டும்னு கவுத்து ஒட்டினேன். பத்து தடவையும் நீ அதை எடுத்து அவன் மேலேயே வெச்சிருக்க."