கருத்துக் கேட்டார்கள்

மெட்ரோ ரயில் நிலையத்தின் படிக்கட்டு அப்பாவின் தையல் கடை இருக்கும் இடத்தில் வருகிறதாம். பத்தடி தள்ளிப் போடச் சொல்லி, தெரு மொத்தமும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனோம். தெருவில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். ஒரு மணி நேரம் பேசிக் கிழித்தேன்.

"இவ்வளவு தெளிவா யாரும் பேசினதில்லம்மா" என்று அதிகாரி உருகினார்.

மறுமாதமே கடையை இடிக்க நோட்டீஸ் வந்தது. அப்பாவோடு அதிகாரியிடம் ஓடினேன்.

"எதிர்த்துத்தானே சார் பேசினோம்?"

"பேச்சை ஃபைல்ல வைக்க முடியுமாம்மா? சம்மதம்னு நாப்பது பேர் போட்ட கையெழுத்துதான் இருக்கு."

அவர் நீட்டிய தாளை அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இவர் குடுத்தாருன்னு, கூட்டத்து வாசல்ல நின்னு நீதானேம்மா எல்லார்கிட்டயும் இதுல கையெழுத்து வாங்கினே? வந்ததுக்கு அடையாளம்னியே! நீ படிச்சுப் பாத்திருப்பேன்னு நம்பித்தானே போட்டோம்?"